அவன் குளிக்கிறான் அம்மா

யாழ்ப்பாணக் கம்பஸில் படித்த காலத்தில் நாங்கள் நாலு பேர் கொண்டாவிலில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தோம். அதில் ஒருவனுக்கு ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்குப் போன் எடுப்பார். முதலாம் வருடம் அவனே கதைத்தான். மூன்றாம் வருடம் வந்தபோது அவனுடைய போனைத் தூக்கிப் பதில் சொல்லும் வேலை எப்படியோ எங்களுடையதாகி விட்டிருந்தது. "அவன் குளிக்கிறான் அம்மா." "இப்பதான் லெக்சருக்கு வெளிக்கிட்டவன் அம்மா." அவன் கட்டிலில் குப்புறக் கிடப்பான், அறை முழுக்கச் சாராய மணம். அந்த நேரம் யாராவது வந்து, உங்கள் அறையில் குடிக்கு அடிமையான ஒருவன் இருக்கிறானா என்று கேட்டிருந்தால் நல்லூரானைச் சாட்சி வைத்து இல்லை என்றிருப்போம். குடிப்பான், சரி. ஆர்தான் குடிக்கேல்லை?

பொய் சொல்லவில்லை, உண்மையாகவே எங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியாமல் போனது என்பதை இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்த்தால், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடம் பிழை.

யாழ்ப்பாணத்தில் குடிகாரன், போதைக்காரன் என்றால் மனதில் வருவது இரண்டே படங்கள். ஒன்று பழையது, தவறணை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடக்கும் வெறிக்குட்டி. மற்றது கடந்த பத்துப் பதினைந்து வருடச் செய்திகள் வரைந்து தந்தது, மதவடியில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும், முடி வளர்த்த, கையில் பச்சை குத்திய பொடியன். உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி எடுத்து யாழ்ப்பாணத் திருநெல்வேலிக் கம்பஸுக்கோ அதன் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்துக்கோ படிக்க வந்த பிள்ளை இந்த இரண்டுக்குள்ளும் அடங்காது. அதனால் அவனை யாரும் பார்ப்பதில்லை, அவனும் தன்னைப் பார்ப்பதில்லை. (முடி வளர்த்தவர்களில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் பிளேன்ரீக்கு மேல் எதையும் தொடாதவர்கள் என்பது வேறு கதை.)

மருத்துவர்கள் இதைப் பார்க்கும் விதம் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒன்று இருக்கிறது, உலகத்தில் பல இடங்களில் அதைத்தான் புரட்டுகிறார்கள். 2013 இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு பதினொரு அறிகுறிகளைச் சொல்கிறது. நினைத்ததை விடக் கூடக் குடிப்பது, குறைக்கப் பார்த்தும் முடியாமல் போவது, தேடுவதிலும் குடிப்பதிலும் பிறகு தெளிவதிலுமே நாள் கழிவது, இல்லாதபோது மனம் அதையே சுற்றுவது. படிப்போ வீட்டுக் கடமையோ தவறிப்போவது, அதனால் சண்டை வந்த பிறகும் விடாதது, முன்பு பிடித்தவற்றைக் கைவிடுவது, மோட்டார் சைக்கிள் ஓடும்போது போன்ற ஆபத்தான நேரங்களிலும் எடுப்பது, உடம்பையோ மனத்தையோ கெடுக்கிறது என்று தெரிந்தும் தொடர்வது. பிறகு உடம்பு சம்பந்தமாக இரண்டு: அதே அளவுக்கு முன்போல ஏறாமல் போவது, நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் வருவது. ஒரு வருடத்துக்குள் இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் பிரச்சினை தொடங்கிவிட்டது, நாலைந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமை.

இந்தப் பதினொன்றில் ஒன்றுகூட எத்தனை போத்தல் என்று கேட்கவில்லை. எந்தச் சாமான் என்றும் கேட்கவில்லை, சாராயத்துக்கும் கஞ்சாவுக்கும் ஐஸ் என்கிற மெதம்பெற்றமினுக்கும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி முதலில் கேட்கும் கேள்விகள் அந்த இரண்டும்தான்.

அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அடிமையாவதற்கு வெகுகாலம் முன்பே குடி ஆளைக் கெடுக்கத் தொடங்கிவிடும், அதைப் பிடிக்க அளவு தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, ஓடிட் என்று பெயர். மொத்தம் 40 புள்ளி, 8 வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். அதில் ஒரு குடி என்பது 10 கிராம் மதுசாரம். அதை நம்முடைய அளவுகளுக்கு மாற்றிப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடும். 180 மில்லி கால் போத்தல் சாராயம், 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 50 கிராம், அதாவது ஐந்து. 8.8 சதவீதம் போட்ட 500 மில்லி ஸ்ட்ரோங் பியர் ரின் ஒன்று மூன்றரை. புளித்த பனங்கள் சுமார் 5 சதவீதம் என்றால் ஒரு போத்தலுக்கு மூன்று. "நான் ரெண்டு பியர்தான் மச்சான்" என்கிறவன் ஏழு குடித்திருக்கிறான். ஒரே இருப்பில் ஆறும் அதற்கு மேலும் எத்தனை தரம் குடிக்கிறாய் என்று அந்தத் தாளில் ஒரு தனிக் கேள்வியே உண்டு. மாணவர்களில் பெரும்பாலான பிரச்சினை இந்த வகைதான், கிழமை முழுக்க ஒன்றுமில்லை, வெள்ளி இரவு மட்டும் அடைத்துக் குடிப்பது.

சரி, நம்மவர்கள் வைத்திருக்கும் சோதனைகளுக்கு வருவோம். இவைதான் எங்களை ஏமாற்றியவை.

முதலாவது நல்லூர்க் கோயில் திருவிழா. கொடி ஏறினால் 25 நாளும் மச்சமும் இல்லை, குடியும் இல்லை. எங்கள் அறைக்காரனும் அப்படித்தான், பக்திமான், காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்கு நடப்பான். "நான் நினைச்சால் விடுவன். போன நல்லூருக்குத் தொட்டனானா?" இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. 25 நாள் விடுவது குடாநாடு முழுக்கச் சேர்ந்து தாங்கிப்பிடிக்கும் விரதம். அறையில் மற்ற மூவரும் தொடவில்லை, வீட்டில் விளக்கெரிகிறது, யாரும் கூப்பிடவில்லை. மாசி மாதத்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஒன்றோடு நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டு ஒன்றோடு நிறுத்துகிறானா என்பதுதான் கேள்வி. நல்லூரை வைத்துப் பார்ப்பதானால் இரண்டு கரைகளையும் பாருங்கள். கொடியேற்றத்துக்கு முந்தின இரவு எவ்வளவு, திருவிழா முடிந்த அன்று எத்தனை மணிக்கு. நாள் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு விரதம் முடிகிற மணித்தியாலம் தெரியும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கை நடுங்கி, வேர்த்து, நித்திரையில்லாமல் புரண்டான் என்றால் அதை விரதக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது, உடம்பு பழகிவிட்டது.

போயாவும் அப்படித்தான். அன்று நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டு. சாதாரணமாகக் குடிக்கிறவனுக்குப் போயா என்பது கடைக்குப் போனபிறகுதான் ஞாபகம் வரும். கலண்டரில் பௌர்ணமியைச் சிவனடியாரை விடக் கவனமாகப் பார்த்து, இரண்டு நாள் முன்பே வாங்கி அலுமாரியில் உடுப்புக்குள் வைப்பவனுக்கு நாளே அதைச் சுற்றி ஓடத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது சோதனை, சோதனைதான். "என்ன குடிச்சாலும் பாஸ் பண்ணிப்போடுவான்." கம்பஸில் பாஸ் பண்ணுவது பல பாடங்களில் அவ்வளவு கடினமில்லை. நல்ல நண்பர்களின் நோட்ஸ் இருந்தால், கடைசிக் கிழமை நித்திரை முழித்தால், போதும். ஒருவனை வகுப்போடு ஒப்பிடாமல் அவனோடே ஒப்பிட வேண்டும். முதல் வருடம் முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்டவன் இப்போது வரவு வீதத்துக்காக மட்டும் வருகிறானா, அந்த வரவையும் வேறு யாராவது வைக்கிறார்களா? பின்னேரம் கிரிக்கெட் விளையாடியவன் மட்டையை விற்றுவிட்டானா? பழைய செற்றை விட்டு, குடிக்கிற செற்றோடு மட்டும் நிற்கிறானா? லப்டொப் திருத்தக் கொடுத்திருக்கிறான் என்று மூன்று மாதமாகச் சொல்கிறானா? தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் அர்த்தமில்லை, யாருக்கும் வரக்கூடியவை. ஒரே பருவத்தில் மூன்று நான்கு சேர்ந்து வந்தால்தான் அதற்கு ஒரு திசை தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருப்பது. எங்கள் அறைக்காரன் எவ்வளவு குடித்தாலும் தள்ளாடமாட்டான். அதை ஒரு திறமை போலக் கொண்டாடினோம், ஜூனியர்களுக்கு அவனைக் காட்டிப் பெருமையாகக் கதைப்போம். உண்மையில் மற்றவர்களுக்கு ஏறுகிற அளவில் ஏறாதவர்கள்தான் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் ஆபத்துக் கூடியவர்கள் என்பது குடும்பங்களை வைத்து நீண்டகாலம் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். வெறிக்கிறவனுக்கு உடம்பே நிறுத்தச் சொல்லும். இவனுக்கு அந்த மணி அடிக்காது.

பிறகு மறதி. இரவு வடிவாகக் கதைத்து, பாட்டும் பாடி, மோட்டார் சைக்கிளும் ஓடி வந்தவனுக்குக் காலையில் பத்து மணிக்குப் பிறகு நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்றால், அது மயக்கம் இல்லை, நித்திரையும் இல்லை. இரத்தத்தில் மதுசாரம் விறுவிறென்று ஏறும்போது மூளையில் புதிய ஞாபகத்தைப் பதியும் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் நடமாடுகிறான், பதிவு இல்லை. நாங்கள் இதைச் சிரித்துச் சிரித்து அவனுக்கே கதையாகச் சொல்லுவோம். ஓடிட் தாளில் இதுவும் ஒரு கேள்வி.

போதைப்பொருள் பக்கம் வந்தால் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கல், வாயில் சாராய மணம் இல்லாததால். கேரளக் கஞ்சா பாக்கு நீரிணை தாண்டி வடகரையில் இறங்குவதும் கடற்படை பிடிப்பதும் பழகிப்போன செய்தி. சிவந்த கண், அளவுக்கு மீறிய பசி, காரணமில்லாத சிரிப்பு என்பதெல்லாம் அன்றைய நாளுக்குரியவை, தொடர்ந்து எடுக்கிறவனில் தெரிவது ஒன்றிலும் பிடிப்பில்லாத ஒரு மந்தம். குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்குக் கஞ்சா கூடுதல் ஆபத்து என்பதையும் பலர் அறிவதில்லை. ஐஸ் இதற்கு நேரெதிர். இரண்டு மூன்று நாள் நித்திரையில்லை, ஓயாத கதை, பல் நறநறப்பு, கண்மணி விரிந்திருக்கும், சாப்பாடு இறங்காது, பிறகு ஒரேயடியாக ஒரு நாள் முழுக்கத் தூங்குவது. சோதனைக் காலத்தில் இதைக் கடும் படிப்பு என்று நினைத்துவிடலாம், ஐஸ் தொடங்கும் சிலரும் படிக்கத்தான் எடுக்கிறோம் என்கிறார்கள். மெலிவும், எல்லாரும் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்ற சந்தேகமும், இல்லாத குரல் கேட்பதும் வந்தால் அது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலை. ஹெரோயினில் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், இருந்தபடியே தலை தொங்கும், உடம்பு சொறியும். இல்லாதபோது மூக்கு ஓடி, கொட்டாவி விட்டு, மயிர்க்கூச்செறிந்து, வயிற்றால் போகும், பார்க்கிறவருக்கு வைரஸ் காய்ச்சல் போலத்தான் இருக்கும்.

குளிசைகளைப் பற்றித்தான் எனக்குக் கூடப் பயம். பிரிகாபலின் என்பது நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் மருத்துவர் எழுதித் தருவது. அதை அள்ளிப் போடுகிறவர்களுக்கு நாக்குத் தடுமாறும், நடை தளரும், ஆனால் வாயில் மணம் இல்லை, கையில் பைக்கற்றும் இல்லை. "மருந்துதானே" என்ற எண்ணம் வேறு. தனியாக எடுப்பதே நல்லதல்ல, சாராயத்தோடோ ஹெரோயினோடோ சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். அறையில் ஆள் குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சு விட்டு, உலுக்கியும் எழும்பவில்லை என்றால், உதடு நீலம் பட்டால், "தூங்கட்டும், விடியத் தெளிஞ்சிடும்" என்று விடக்கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. ஐஸும் ஹெரோயினும் சில நாட்களுக்குத்தான் தெரியும், தொடர்ந்து இழுத்தவனில் கஞ்சா கிழமைக் கணக்கில் தெரியும். எடுத்தானா என்பதைச் சொல்லும், எவ்வளவு மாட்டிக்கொண்டான் என்பதைச் சொல்லாது. பிள்ளையோடு கதைக்கிற வழியை அடைப்பதற்கு அதை விட நல்ல சாமான் கிடையாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, ஊரும் சொல்வதில்லை. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 இல் வந்த தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாளிலேயே திரும்பப் போட்ட நாடு இது. குடிக்கிற ஆண் "பொடியன் கொஞ்சம் குழப்படி", குடிக்கிற பெண்ணுக்கு ஒரு பெயரும் கலியாணப் பேச்சும் காத்திருக்கின்றன. ஆகவே எடுத்தாலும் மிக மறைவாக, கதவைப் பூட்டிக்கொண்டு, தனியாக. தனியாக எடுப்பது இளவயதுக்காரருக்கான கேள்வித்தாள்களில் கேட்கப்படும் முக்கியமான அடையாளம். உடம்பில் நீரின் அளவு குறைவென்பதால் அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பதும் இருக்கிறது.

ஏன் இதற்குள் போகிறார்கள் என்று கேட்டால் யுத்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் உண்மை உண்டு. 2009 இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்த குழந்தைகள்தான் பிறகு இந்தப் பட்ச்களில் வந்து படித்தார்கள், ஒரு சமூகமே சேர்ந்து காயப்பட்டிருப்பதைப் பற்றி மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதி வந்திருக்கிறார். நித்திரை வருவதற்காகக் குடிக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பட்ச்சில் பலர் தொடங்கியது அவ்வளவு பெரிய காரணத்துக்காக இல்லை. சீனியர் வாங்கித் தந்தான், வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது, 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற 2006 சட்டத்தைக் கடைக்காரரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்துவிட்டது. முதல் கிளாஸ் இன்னும் அந்த இருட்டில்தான் ஊற்றப்படுகிறது.

கண்டவர்கள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம், வேறென்ன. 2 கிராம் ஹெரோயினுக்கும், 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸுக்கும் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ என்று சட்டம் இருக்கிற நாட்டில் அறை நண்பனைப் பற்றி விரிவுரையாளரிடம் வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்? அதோடு "புனர்வாழ்வு" என்ற சொல். தெற்கில் அது ஒரு நிர்வாகச் சொல். இங்கே 2009 க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு முட்கம்பி மணம் உண்டு. முன்னாள் போராளிகளைக் கையாண்ட அதே புனர்வாழ்வுப் பணியகத்துக்கு 2023 இல் நிறைவேறிய சட்டம் போதைப்பொருள் பாவிப்பவர்களையும் ஒப்படைத்தபோது, தாய்மார் பிள்ளையை மருத்துவரிடம் காட்டவே யோசிப்பதில் ஆச்சரியமில்லை. மருத்துவரிடம் போவது வேறு, பொலிஸிடம் போவது வேறு என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, பீடங்களில் மாணவர் ஆலோசகர்கள் உண்டு. போனில் என்றால் மனநல உதவிக்கு 1926, அபாயகர ஒளடதக் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927.

கதைப்பதற்கு ஒரு நேரம் உண்டு, அது வெறியில் இருக்கும் நேரம் அல்ல, மறுநாள் காலை ஊர் கூடியும் அல்ல. ஒருவர், தனியாக, தேத்தண்ணிக் கடையில். "நீ குடிகாரன்" என்றால் அவன் இல்லை என்றுதான் சொல்வான், சொல்லச் சொல்ல அவனே அதை நம்புவான். மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983 இல் எழுதத் தொடங்கிய அணுகுமுறையே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். வாதாடினால் ஆள் தன் குடிக்காக வழக்காடுவான், கேட்டால் தன் கவலையை அவனே சொல்வான். "போன கிழமை மூண்டு நாள் நீ எழும்பேல்லை. எனக்குப் பயமா இருந்தது. உனக்கு எப்பிடி இருக்கு?" கண்டதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது. அது கஷ்டம், எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இன்னொன்று, ஒவ்வொரு நாளும் குடித்து, காலையில் கை நடுக்கத்துக்கும் குடிக்கிறவனைப் போத்தலைப் பறித்து அறையில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதை மருந்தோடு வைத்தியசாலையில் செய்ய வேண்டும்.

ஓடிட் தாளின் பத்தாவது கேள்வி, உன் குடியைப் பற்றி உறவினரோ நண்பரோ மருத்துவரோ கவலைப்பட்டதுண்டா என்பது. எங்கள் அறையில் அதற்குப் பதில் "இல்லை" என்றுதான் வந்திருக்கும், ஏனென்றால் கவலைப்படுவதற்குப் பதிலாக நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். நான் அவனுடைய கையெழுத்தை அவனை விட நன்றாகப் போடுவேன். மற்றவன் அவனுடைய அசைன்மென்டைப் பெயர் மாற்றிக் கொடுப்பான். மூன்றாமவன் கடன் கொடுத்தே ஓய்ந்தான். அவனுடைய கண்ணிலும் நடையிலும் ஒன்றும் தெரியாத காலத்திலேயே எங்கள் மூன்று பேருடைய நாட்குறிப்பில் எல்லாம் இருந்தது. ஒருவன் குடிப்பதற்காக இன்னும் எத்தனை பேர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று யாராவது எண்ணியிருந்தால் முதலாம் வருட முடிவிலேயே கண்டிருக்கலாம்.

கடைசியில் ஒரு நாள் காலை ஏழரைக்கு எனக்குப் பொய் வரவில்லை. "அவன் எழும்பேல்லை அம்மா. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றேன். பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் சாப்பாட்டுப் பாத்திரம். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"குளிக்கிறான் எண்டு சொல்லுறனீங்கள் தம்பி. ஒருநாளும் தண்ணிச் சத்தம் கேக்கேல்லையே."

கிளினிக்குக்கு அடுத்த நாளே போனார்கள். இடையில் ஒரு தரம் திரும்பத் தொடங்கி, திரும்ப விட்டு, எங்களை விட ஒன்றரை வருடம் பிந்திப் பட்டம் எடுத்தான்.